முதல் கையெழுத்துக்காக வந்தவர்

வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவை அவர் தட்டியபோது என் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டை எப்படியாவது விற்றுவிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடு இருந்தேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பனியில் நனைந்த சப்பாத்து, தோளில் தொங்கிய கோட்டு. வாய் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் எழுதியிருந்த வரிகளைக் குனிந்து பார்த்தார். மலிவு விலைக்கு வீட்டை ஒப்பந்தம் செய்து, அந்த ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு லாபத்தோடு கைமாற்றும் தொழிலுக்கு அவர் புதியவர்.

“இதுவரைக்கும் எத்தினை வீடு முடிச்சிருக்கிறியள்?”

“ஒண்டும் இல்லை, தங்கச்சி. வேலை செய்த ஃபாக்டரி மூடி ஏழு மாசம். இதுவும் சரிவராட்டி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

அவர் சொன்ன விலைக்கு நான் பேரம் பேசவில்லை. பேனையை எடுத்தேன். அவர் திடீரென ஒப்பந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உந்த விலைக்குக் குடுக்காதேங்கோ. இது இன்னும் கூடப் போகும். நல்ல ஏஜென்ட் ஒராளைப் பிடியுங்கோ.”

“அப்ப உங்கடை பாடு?”

தாளை மடித்துக்கொண்டு படியிறங்கி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

வீடு நல்ல விலைக்குப் போனது. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அடுத்த கதவிலாவது அவருக்கு ஒரு கையெழுத்துக் கிடைத்ததா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.