பன்னிரண்டு மணிக்கு நீச்சல்

“நேத்து பயிற்சி எப்படிப் போச்சு மேடம்?” என்று கேட்டேன்.

“வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கணும்னு வக்கீல்களுக்கு வகுப்பு. அதைப் போய் ஞாயித்துக்கிழமை வச்சிருக்காங்க. இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?”

“அப்ப ஒண்ணும் உருப்படியா இல்லையா?”

“ஒண்ணே ஒண்ணு இருந்துது. சொந்த வேலையையும் வழக்கு மாதிரி டைரியில எழுதுங்கன்னாங்க. எடு டைரியை. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி, நீச்சல்னு எழுது.”

“பென்சில்லயா?”

“பேனாவுல.”

எழுதினேன். அவர் அலுவலகத்தில் ஆவணங்களை மொழிபெயர்ப்பதும், டைரி எழுதுவதும், தொலைபேசியை எடுப்பதும் என் வேலை. ஐம்பத்தோரு வயதில் அவர் நீச்சல் கற்றுக்கொள்ளத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. “வாளித் தண்ணிக்கே கண்ணை மூடிக்கிறவ, குளத்துல என்ன பண்ணப்போறாளோ” என்று அவர் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால் குளம் வரை ஒழுங்காகப் போவார். அதற்குப் பிறகு கை தானாகப் பக்கச் சுவரைத் தேடும். சுவரைத் தொடாமல் முழுக் குளத்தையும் கடக்கும் தேர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். இந்த வெள்ளிக்கிழமையும் தவறினால், ஆறு வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

புதன்கிழமை விசாரணைப் பட்டியல் வந்தது. எங்கள் கட்சிக்காரரான தையல்காரர் ஒருவரின் எல்லைச் சுவர் வழக்கு, வெள்ளிக்கிழமை. எப்படியும் பன்னிரண்டு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள்.

“காய்ச்சல்னு சொல்லிடலாமே மேடம்” என்றேன். அவர் நீச்சல் வகுப்பில் இருக்கும் காலை நேரங்களில் யார் அழைத்தாலும் ‘கோர்ட்ல இருக்காங்க’ என்று சொல்லிப் பழகியவள் நான்.

“இருபத்தாறு வருஷமா காய்ச்சல், வயித்துவலின்னு கேட்டுக் கேட்டு அந்த ஜட்ஜுக்கே சலிச்சுப் போயிருக்கும்” என்றவர், முதலில் தையல்காரரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது.

“போயிட்டு வாங்க வக்கீலம்மா. பதினோரு வருஷமா நிக்கிற சுவரு, இன்னும் மூணு மணி நேரம் நிக்காதா?”

வெள்ளிக்கிழமை காலை, நீதிமன்றம் கூடியதும் எழுந்து நின்று, வழக்கை மதியம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

“காரணம்?” என்றார் நீதிபதி.

“நீச்சல் தேர்வு, யுவர் ஆனர்.”

நீதிபதியின் பேனா நின்றது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பதால் அவருக்கு ‘ஆட்சேபணை’ என்றே பெயர். மூன்றாவது முறையும் போச்சு என்று நான் டைரியை மூடினேன்.

“ஆட்சேபணை இல்லை” என்றார் அவர். எழுத்தர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டரை மணி. முடிச்சிட்டு நேரா இங்க வரணும்” என்றார் நீதிபதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

குளத்தங்கரையில் அவர் கறுப்புக் கவுனையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிக் குளம் தாண்டினார். முக்கால் வந்தது. கை பக்கவாட்டில் நீண்டது. ஆழமில்லாத பக்கத்திலிருந்த பிள்ளைகள் “ஆன்ட்டி, விடாதீங்க!” என்று கத்தினார்கள். கடைசியில் நானும் கத்திவிட்டேன். நீண்ட கை தண்ணீருக்குள் திரும்பியது. எதிர்ச்சுவரைத் தொட்டு எழுந்தவர், மூச்சிரைக்கப் பயிற்சியாளரைப் பார்த்து, “அவ்வளவுதான், யுவர் ஆனர்” என்றார்.

இரண்டரைக்கு ஈரத் தலையோடு வாதாட எழுந்தார். முதல் வாக்கியம் முடிவதற்குள் ‘ஆட்சேபணை’ துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு குஷி.

மாலையில் டைரியை என் முன்னால் விரித்து வைத்தார். செவ்வாயும் வெள்ளியும் வருடம் முடியும்வரை காலை ஏழு மணிக்கு நீச்சல் என்று எழுதச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, வாதாடும்போது இல்லாத கூச்சத்தோடு கேட்டார்:

“இன்னொரு உதவி செய்வியாம்மா? இனிமே அந்த நேரத்துல யாராவது போன் பண்ணா, கோர்ட்ல இருக்காங்கன்னு சொல்லாதே. நீந்திக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. கொஞ்சம் சத்தமாவே சொல்லு.”