ஹனிபா நானா கேட்டுச் சாப்பிட்ட முந்திரிகை

போன கிழமை ஒரு காலை நெடுங்கேணியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஹனிபா நானாவின் மகன் றிஸ்வானின் அழைப்பு வந்தது. "மிஸ், வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டு வந்து படுத்தவர், பிறகு எழும்பேல்ல" என்றான். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஓர் ஆறுதல்தான் வந்தது. நல்ல காலம், மனுசன் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். செத்த வீட்டுச் செய்தி கேட்டு இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். முல்லைத்தீவில் ஹனிபா நானாவின் கடையில் வலைநூலும் நைலோன் கயிறும் வாங்கிய பலருக்கு அவர் வீட்டு முந்திரிகைக் கொடியைத் தெரியும். நாலு வருடமாக அதில் ஒரு பழத்தைக்கூட அவர் வாயில் வைக்காமல் இருந்ததும் தெரியும். கடைசியில் எப்படிச் சாப்பிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விவசாயப் போதனாசிரியை, விவசாயிகளுக்குப் பயிர் வகுப்பு எடுக்கிறவள். திராட்சையை எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றுதான் சொல்வோம், கந்தோர்ப் படிவத்தில் மட்டும் அது திராட்சை. நானா ஒரு நாள் கந்தோருக்கு வந்து, கையில் ஒரு இலையோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டு ஒரே நாளில் வெளியேறவேண்டி வந்து, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்து, மனைவியையும் அங்கேயே அடக்கிவிட்டுத் திரும்பியவர். வந்து பார்த்தால் வீட்டில் கூரை இல்லை, கதவுகள் இல்லை, ஆனால் ஊரைவிட்டுப் போனபோது இல்லாத ஒரு கொடி குசினிக்குப் பின்னால் வேம்பின் உச்சிவரை ஏறி நின்றதாம். "இதை நானும் நடேல்ல, என்ர மனிசியும் நடேல்ல. என்ன வகையெண்டு பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். நான் இலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இஸ்ரேல் புளூ" என்றேன். வடக்கில் பத்துக் கொடியில் ஒன்பது அதுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, படிவத்திலும் பேனையால் எழுதினேன். எனக்கு அந்த அவசரக் குணம் உண்டு. ஒன்றைப் பார்த்தால் உடனே பெயர் சொல்லிவிட வேண்டும்.

அயலவர்கள் அது ஆண் கொடி, ஆண் பப்பாசி மாதிரிக் காய்க்காது, வெட்டிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கத்தரிக்காமல் விட்டால் எந்தக் கொடியும் இலையை மட்டும்தான் தரும் என்று நான் சொல்லி, ஒரு சனிக்கிழமை போய்க் கத்தரித்துக் கொடுத்தேன். நானா பழைய மீன்பிடி வலைகளைக் கட்டிப் பந்தல் போட்டார். நாலாம் மாதம் குலை குலையாகக் காய்த்தது. நான் சொன்ன இஸ்ரேல் புளூ என்றால் நல்ல கறுப்பாகப் பழுக்கவேண்டும். இதுவோ மங்கிய சிவப்புக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நானா போன் எடுத்தார். "மிஸ், உங்கட கறுப்பு எப்ப வரும்?" கடைசியில் நானே பிழை என்று ஒத்துக்கொண்டேன். அப்போது அவர் சிரிக்கவில்லை. "பேர் தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ மிஸ். அதுவும் ஒரு மறுமொழிதானே" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவரோடு ஒரு மாதம் கோபமாக இருந்தேன்.

கோபம் ஆறிப் போனபோது, குலைகள் பந்தலிலேயே அழுகிக் கிடந்தன. அணிலும் கொண்டைக்குருவியும் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தன. ஏன் நானா சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ஆரோ நட்டது. கேக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?" காணி உங்களுடையது, கொடியும் உங்களுடையதுதானே என்றேன். "மௌலவியும் அதைத்தான் சொன்னவர். அவர் சட்டம் சொன்னார், எனக்குத் தொண்டையால இறங்காது." குருவி மட்டும் சாப்பிடலாமோ என்று சீண்டினேன். "குருவிக்குக் கேள்வி கணக்கில்ல. எனக்கு இருக்கு" என்றார். நான் மட்டும் வகை பார்ப்பதற்காக ஒரு பழம் சாப்பிட அனுமதி கிடைத்தது. அது வேலைக்காகவாம்.

அவர் ஏன் வகையைக் கேட்டு என் பின்னால் அலைந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. தாங்கள் இல்லாத காலத்தில் இடம்பெயர்ந்து வந்த சனம் தங்கள் வீட்டில் இருந்திருக்கிறது, அவர்களில் யாரோதான் நட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அயலில் எல்லோரும் மாறிப்போனதால் விசாரிக்கவும் ஆளில்லை. வகை தெரிந்தால் அது எந்த ஊர்க் கொடி என்று தெரியும், ஊர் தெரிந்தால் ஆளைத் தேடலாம். இதுதான் அவருடைய கணக்கு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் ஒரு மனிதரைத் தேடி வந்திருக்கிறார், நான் என் கெட்டித்தனத்தைக் காட்டியிருக்கிறேன்.

அடுத்த காய்ப்பில் இலை, குலை, விதை எல்லாவற்றையும் பொதி செய்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன். தங்களிடம் உள்ள எந்த வகையோடும் ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நானா வீட்டுக்குப் போய், சொல்ல மனமில்லாமல் பின்பக்கத்து உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்தேன். அப்போதுதான் கொடியின் அடியை ஒழுங்காகப் பார்த்தேன். அது கல்லுக்கும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த வெடிப்புக்குள்ளிருந்து வந்திருந்தது. கொடி நடுகிறவர்கள் குழி வெட்டித் தடி ஊன்றுவார்கள். சீமெந்து வெடிப்புக்குள் யாரும் ஊன்றமாட்டார்கள். அது விதையில் வந்த கொடி. விதையில் வருகிற முந்திரிகை தாயைப்போல இருக்காது, ஒவ்வொன்றும் தனி வகை. உலகத்தில் அதற்குப் பெயரே கிடையாது. நான் உள்ளே ஓடிப்போய், "நானா, இதை ஒருவரும் நடவில்லை, தானாக முளைத்தது, இனிச் சாப்பிடுங்கள்" என்றேன். "விதை தானா நடந்து வந்ததோ மிஸ்? துப்பினது ஆர்?" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்த வருடமே எனக்கு அக்கராயன் பக்கம் மாற்றம் வந்தது. நானாவுக்கு நெஞ்சு வருத்தமும் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்துகொண்டு அவர் கேட்டது மருந்தைப் பற்றியல்ல. "உங்கட வகுப்புகளில சொல்லுங்கோ மிஸ். எத்தினை சனம் வருது. நான் போறதுக்கு முதல் அந்த ஆளிட்ட ஒரு வார்த்தை கேக்கவேணும்." அன்றிலிருந்து, கத்தரிக்காய்க்கு வகுப்பெடுத்தாலும் கடைசியில் முந்திரிகைக் கதைதான். முல்லைத்தீவில் ஒரு வீடு, குசினிக்குப் பின்னால் ஒரு தோய்க்கிற கல், கல்லின் வெடிப்பில் ஒரு கொடி. மிஸ்ஸுக்கு ஏதோ பிசகிவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

அக்கராயனில் ஒரு வகுப்பில், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "மிஸ், அந்தக் கல்லுக்குப் பக்கத்துல ஒரு முருங்கை நின்னிச்சா?" முருங்கை விழுந்துவிட்டது, அடிக்கட்டை இருக்கிறது என்றேன். எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். பெயர் லெட்சுமி. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வன்னிக்கு வந்து, வயல் செய்து வாழ்கிறவள். "அந்த வீட்டுல நாங்க எட்டு மாசம் இருந்தோம் மிஸ். மகளுக்குக் கடும் காய்ச்சல். ஒரு புண்ணியவதி ஒரு கொத்துப் பழம் குடுத்தாங்க. அந்தக் கல்லுல ஒக்காந்துதான் தின்னு தின்னு துப்புனா." நானாவிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் ஓரடி பின்னால் போனாள். "நான் வரமாட்டேன். அவங்க அலுமாரிய ஒடைச்சு எரிச்சிட்டேன் மிஸ். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாறது?"

இரண்டு மாதம் பிடித்தது அவளைச் சம்மதிக்க வைக்க. உண்மையில் சம்மதிக்க வைத்தது நானல்ல, மகள் கௌசி. காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளை இப்போது வவுனியாவில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். "நான் துப்பினதுக்கு நானே பதில் சொல்லுறேன், வாம்மா" என்றாளாம். அலுமாரிக் கதையை நான் நானாவுக்குச் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

பழம் பழுக்கிற நேரம் பார்த்து, குளத்துத் தண்ணீரில் விளைந்த அரிசிப் பையோடு அவர்கள் வந்தார்கள். நானா சேர்ட் மாற்றி, தொப்பி போட்டு, பந்தலுக்குக் கீழே கதிரைகள் வைத்துக் காத்திருந்தார். "இருங்கோ தங்கச்சி" என்றார். லெட்சுமி இருக்கவில்லை. நின்றபடியே அலுமாரியைச் சொன்னாள். மழை, காய்ந்த விறகு ஒன்றும் இல்லை, பிள்ளைக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நானா கேட்டார், "எந்த அலுமாரி? கண்ணாடி வச்சதோ?"

"ஆமாங்க ஐயா."

"அதின்ர கதவு எந்த நாளும் இறுகும். கலியாணம் முடிச்ச நாள் தொட்டு அதோட மல்லுக்கட்டினனான். நல்லா எரிஞ்சுதோ?"

லெட்சுமி சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானா கௌசியைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கோ சுடுதண்ணி வச்சனீங்கள்?" என்றார். ஓம் என்று நான்தான் சொன்னேன். "அப்ப அது வீணாப் போகேல்ல. என்ர மனிசி இருந்தால் தானே கொத்திக் குடுத்திருப்பா. நான் ஹலாலாக்கிட்டன். இப்ப நீங்கள் எனக்கு இந்தப் பழத்தை ஹலாலாக்கித் தாங்கோ." லெட்சுமி அந்தச் சொல் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அலுமாரியை மன்னித்துவிட்டார், பழத்தைச் சாப்பிடலாமோ என்று உன்னிடம் கேட்கிறார் என்றேன். அவள் அசைய முன்னமே கௌசி எழும்பி ஒரு குலையைப் பறித்துக் கழுவிக்கொண்டு வந்து, "சாப்பிடுங்க தாத்தா" என்று நீட்டினாள்.

நானா பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு பழத்தை வாயில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றார், விழுங்கினார்.

"புளிக்குது" என்றார்.

அன்றைக்குப் போல நான் வாழ்க்கையில் சிரித்ததில்லை. புளிக்குது என்று சொல்லிக்கொண்டே அவர் முழுக் குலையையும் சாப்பிட்டு முடித்தார். நாங்கள் புறப்படும்போது என் பையில் கிடந்த அந்தப் பழைய படிவத்தை எடுக்கச் சொன்னார். வகை என்ற இடத்தில் நான் எழுதியிருந்த பெயரை வெட்டுவித்து, வெறுமையாக விடச் சொன்னார். நட்டவர் என்ற இடத்தைக் காட்டி, "வீட்டில இருந்தவை எண்டு எழுதுங்கோ. அது நாங்களும்தான், அவையும்தான்" என்றார். அப்படியே எழுதினேன்.

அதற்குப் பிறகு இரண்டு காய்ப்பு அவர் சாப்பிட்டார். ஜனாஸா நல்லடக்கத்துக்கு ஆண்கள் மையவாடிக்குப் போன நேரம், நானும் லெட்சுமியும் கௌசியும் வலைப்பந்தலின் கீழ் இருந்தோம். மேலே குலைகள் சிவந்து கிடந்தன. றிஸ்வான் திரும்பி வந்து, வந்தவர்கள் யாரும் கேட்காமலே பறித்துச் சாப்பிடலாம், வாப்பா எல்லோருக்கும் ஹலாலாக்கிவிட்டார் என்று சொன்னான். லெட்சுமி முதலில் பறித்தாள்.

அந்தக் கொடியின் ஒரு தடி நெடுங்கேணியில் என் வளவில் துளிர்த்திருக்கிறது. பெயரில்லாத அந்தப் படிவமும் என்னிடம் இருக்கிறது. இன்னொன்றும் அவரால் எனக்கு வந்து சேர்ந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவும் நானும் விசுவமடுவில் யாரோ ஒருவரின் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். கிணற்றடியில் ஒரு கொய்யா நின்றது. பசிக்கு அதைத்தான் சாப்பிட்டோம். வெள்ளைச் சதை, விதை குறைவு, கழுத்து நீண்ட பழம். அது என்ன வகை என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வீட்டு வளவுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது வகுப்பு முடியும்போது அந்தக் கொய்யாவின் கதையைச் சொல்கிறேன். பின்வரிசையையும் பார்த்துக்கொள்கிறேன்.