காயவே கூடாத புண்

அந்தச் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் மொடமொடப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளையும் துண்டுகளையும் உலர்த்தும் பெரிய இயந்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. துண்டின் முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். துளி ஈரம் தெரிந்தாலும் போச்சு, மறுபடி உள்ளே தள்ளிவிடுவார். மேலாளரே வந்து அவசரப்படுத்தினாலும் மசிய மாட்டார். ஈரத்தோடு ஒரு கைக்குட்டைகூடத் தன்னைத் தாண்டிப் போகக் கூடாது என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு வீம்பு.

அவர் காலில்தான் ஒரு நாள் துணி வண்டி வந்து இடித்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், வண்டியின் இரும்பு விளிம்பு தோலை உள்ளங்கை அகலத்துக்கு வழித்துக்கொண்டு போய்விட்டது. இதெல்லாம் ஒரு அடியா என்று துணியைச் சுற்றிக்கொண்டு, மீதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அந்த இடத்தில் சதைப்பிடிப்பே கிடையாது. வயதோ ஐம்பதைத் தாண்டியாயிற்று. ரத்தத்தில் சர்க்கரை வேறு லேசாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாரங்கள் போயின, புண் மட்டும் போகவில்லை.

கடைசியில் மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கட்டுப் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுமுறை போனபோதும் புண் இருந்தபடியே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். ஓரத்துல புதுத்தோல் வரலேன்னா, தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண்ணா? ஆபரேஷன் என்றாலே அண்ணனுக்குக் குலைநடுக்கம். வீடு வரும்வரை அவருக்கும் சேர்த்து மனைவி பேசினாள்.

"அன்னைக்கே வந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா? கால் உங்களோடதா, ஓட்டல்காரனோடதா?"

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். மறுநாள் அவள் அந்தப் பக்கம் கிளம்பினாளோ இல்லையோ, லீவு போட்டு வீட்டிலிருந்த மனிதர் தன் சொந்த வைத்தியத்தில் இறங்கிவிட்டார். கட்டைப் பிரிப்பார். காலை முக்காலிமேல் நீட்டி, மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். முகத்துக்குப் போடும் பவுடரைச் சுற்றிலும் தூவுவார். அவள் திரும்புவதற்குள் பழையபடி சுற்றிவிடுவார். தினமும் இதே கூத்து. புண்மேல் கறுப்பாகப் பொருக்குக் கட்டியது, அவருக்கு வாயெல்லாம் பல். நடந்தால் அந்தப் பொருக்கு வெடித்து நீர் கசியும். மறுபடி விசிறி ஓடும். தொழில் புத்தி யாரை விட்டது?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டு மாற்றும் அறையில் இருந்த நர்ஸ் அதிகம் பேசாதவர். பொருக்கை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக எடுத்துப் பார்த்தார். அடியில் புண் மஞ்சளாக, அப்படியே கிடந்தது.

"இதை யாரு காய வைக்கிறது?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான் சிஸ்டர். தினமும் ஃபேன் காத்துல வைக்கிறேன்."

பக்கத்தில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்த பார்வைக்கு வேறு யாராவது என்றால் எரிந்தே போயிருப்பார்கள்.

"எதுக்குங்க?" என்றார் நர்ஸ்.

"புண்ணுன்னா காயணும்ல? பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தானே கேக்கறாங்க, புண்ணு காஞ்சிடுச்சான்னு."

"ஆறிடுச்சான்னும் கேப்பாங்கல்ல? நீங்க அதைப் பிடிச்சுக்குங்க. இது காயக் கூடாது, ஆறணும். புதுத்தோல் ஓரத்துலேருந்து இந்த ஈரத்துலதான் நகர்ந்து வரும். நீங்க காய வச்சுக் காய வச்சு அது வர்ற வழியை அடைச்சிட்டீங்க."

"அப்போ சொதசொதன்னு விட்டுடணுமா?"

"அதுவும் தப்பு. எவ்வளவு ஈரம் வேணுமோ அதுக்கேத்த கட்டு நான் போடறேன். நீங்க அதைப் பிரிக்காம, காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, சர்க்கரையைக் குறைச்சா போதும்."

"ஒண்ணுமே செய்யாம இருக்கணுமா?"

"ஆமா. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்னு தெரியுது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி செய்த முதல் வேலை, மேசை விசிறியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்ததுதான். அண்ணன் இரண்டு தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு கிடந்தார். கட்டுக்குள் ஈரம் இருக்கிறது என்ற நினைப்பே அவர் கையைத் துருதுருக்க வைத்தது. காலையிலும் மாலையிலும் அவள் வந்து, சுற்றிலும் சிவந்திருக்கிறதா, சூடு தெரிகிறதா, வாடை வருகிறதா என்று பார்ப்பாள். பார்க்கும்போதே திட்டுவாள். வேலையிடத்திலிருந்து யாராவது போனில் "அண்ணே, புண்ணு காஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். காய்வதற்கும் ஆறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை முழுசாகச் சொல்லி முடிக்காமல் விடமாட்டார்.

சில வாரம் கழித்து ஒரு நாள், கட்டு மாற்றும்போது நர்ஸ் புண்ணின் ஓரத்தைக் காட்டினார். வெங்காயத்தின் உள்தோல்போல மெல்லிசாக, இளஞ்சிவப்பாக ஒரு கரை தெரிந்தது. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் கரை உள்ளே நகர்ந்துகொண்டேயிருந்தது.

டாக்டர் முடிவு சொல்லும் நாள் வந்தது. கணவனும் மனைவியும் போனார்கள். டாக்டர் குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பாதிக்கு மேல மூடிடுச்சு. ஆபரேஷன் தேவையில்ல. இதே மாதிரி பாத்துக்குங்க, மிச்சமும் மூடிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவி இப்போதும் ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று காத்திருந்தார். நர்ஸ் புதுக் கட்டுப் போட்டு முடித்ததும், கட்டிலிலிருந்து இறங்க அவள் அவருக்குக் கை கொடுத்தாள், அவ்வளவுதான். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"ஏன் உன் கை இப்படி இருக்கு?"

"காலையிலேருந்தே இப்படித்தான்." அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களைக் கூட்டிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டெல்லாம் அவளுடைய பயம்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பயத்தையே பெரிசாக நினைத்துக்கொண்டு கிடந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. கட்டிலை விட்டு இறங்காமல், அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டார்.

"அடுத்தவங்க வெளியில நிக்கறாங்க, இறங்குங்க" என்றாள் அவள்.

"நிக்கட்டும்" என்றார்.