மாடி வீட்டுக்காரனின் ஹார்டு டிஸ்க்

மேசையிலிருந்து விழுந்த ஹார்டு டிஸ்க்கை இன்று தாம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான்.

"ஒண்ணும் எடுக்க முடியாது சார்," என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் எங்கள் கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். போன வார மழையில் அவர் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் லேப்டாப் ஊறிப்போயிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் பால்கனியில் நின்று அவர் வீட்டைப் பார்த்து 'பாவம்' சொல்பவன் நான். இன்றும் ஆறுதல் சொல்லப் போனேன்.

"லேப்டாப் போனா போகுது தம்பி," என்று போனைத் திறந்து காட்டினார். மகனின் ஞானஸ்நானப் படங்கள், வீட்டுப் பத்திரம், எல்லாமே பத்திரமாக இருந்தன. "வருஷா வருஷம் தண்ணி வருதுல்ல, அதான் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திடுவேன். நீங்க ஏத்தலையா?"

ஏற்றவில்லை. இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் வராது என்ற தெனாவட்டு.

போனை வாங்கி, பொறாமையோடு அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அவர் மகனின் பிறந்தநாள் படம் ஒன்றின் ஓரத்தில், வாயெல்லாம் கேக்கோடு, என் இரண்டு வயது மகள்.

"அனுப்பட்டுமா தம்பி?" என்றார், என்னைப் 'பாவம்' என்பதுபோல் பார்த்து.

மாடி வீட்டுக்காரர்களே, நீங்களாவது ஏற்றிவிட்டீர்களா?