தம்புள்ளை போய்த் திரும்பும் ஓட்டம்

சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி மாத்தளை டவுனில் சைக்கிள் ஓட்டம் வைப்பார்கள். டவுனில் கிளம்பி, நாவுல வழியாகத் தம்புள்ளை வரைக்கும் போய், அதே ரோட்டில் திரும்பி வர வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை ஒருவரும் அதில் ஓடியதில்லை. என் அண்ணன் ஓடப் போவதாகச் சொன்ன வருஷம் எனக்கு எட்டு வயது. கலவரம் நடந்து ஓய்ந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எரிந்த கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்த காலம் அது.

அண்ணன் தோட்டத்துத் தபால்காரன். ஆபீஸ் சைக்கிளில் தினமும் டவுனுக்குப் போய்க் கடிதப் பையை எடுத்து வருவது அவன் வேலை. அதனால் தன் கால் எதையும் தாங்கும் என்று நினைத்திருந்தான். தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கிளாக்கர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்து நாலந்தைப் பக்கம் போனான். போகும்போது முக்கால்வாசியும் இறக்கம். காற்று மாதிரி போயிருக்கிறான். திரும்பும்போதுதான் ஏற்றம் இருக்கிறது என்று ரோடு அவனுக்குச் சொல்லியிருக்கிறது. பொழுது சாய்கிற நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னா தபாலு, சைக்கிள நீ கூட்டிட்டு வந்தியா, அது ஒன்னயக் கூட்டிட்டு வந்துச்சா?" என்று பக்கத்துக் காம்பராவில் இருந்த மாமா கேட்டார். லயமே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். ஆனால் அடுத்த ஞாயிறு மறுபடியும் போனான்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பட்டுப் பட்டுத்தான் படித்தான். இறக்கத்தில் வேகமாக விட்டால் ஏற்றத்துக்குக் கால் மிச்சம் இருக்காது என்று படித்தான். பசி எடுத்த பிறகு தின்றால் அது உடம்பில் சேராது, தாகம் எடுக்குமுன்னமே ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று படித்தான். அம்மா குரக்கன் ரொட்டி தட்டி, வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். கித்துள் கருப்பட்டித் துண்டு சட்டைப் பையில் இருக்கும். ஒரு வாரம் தூரம் கூட்டினால் மறுவாரம் குறைத்துக்கொள்வான். கால் ஆற வேண்டுமாம். மாசிக்குள் நாவுல போய்த் திரும்பிவிட்டான்.

வேலை நாளில் பழகுவதற்கு நான்தான் பாரம். ரப்பர் மலைக்கு நடுவே ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதை செங்குத்தானது. அந்தியில் என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு, சீட்டில் குந்தாமல் மிதித்து ஏறுவான். "எறங்கவா அண்ணே?" என்று கேட்டால், "நீ எறங்குனா நா எதுக்கு ஏறணும்?" என்பான். அவன் முதுகுச் சட்டை நனைந்து என் முகத்தில் ஒட்டும். இவ்வளவு பாடுபட்டு முதலாவதாக வரப் போகிறாயா என்று ஒருநாள் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "மொதலாவது எல்லாம் டவுன்காரங்களுக்கு. அவங்க சைக்கிளு வேற. நா முடிச்சிட்டா போதும் பாப்பா. தோட்டத்து ஆளும் முடிப்பான்னு தெரியணும்ல."

பங்குனியில் தம்புள்ளையைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அன்று தள்ளிக்கொண்டு வரவில்லை. லயம்வரைக்கும் மிதித்தே வந்தான். யாரும் கேலி பேசவில்லை. மாமா தன் வீட்டிலிருந்து கருப்பட்டியோடு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். கிளாக்கர் ஐயா தன் கைக்கடிகாரத்தையே இரவல் கொடுத்திருந்தார். ஒவ்வொரு மைல்கட்டையிலும் நின்று, எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பதற்காக.

அந்த மைல்கட்டைகளில் நின்றதுதான் வினையாகப் போனது.

டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த சிங்கள மெக்கானிக் ஒருவர், பாஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், அண்ணனுக்கு வேண்டியவர். ஆபீஸ் சைக்கிளின் மட்காட்டைக் கழற்றி, ஓட்டத்துக்காக மெல்லிய சக்கரச் சில்லு ஒரு சோடி இரவல் தருவதாகச் சொன்னவரும் அவர்தான். ஓட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது அம்மாவும் நானும் சந்தைக்குப் போய்த் திரும்புகையில், கடைக்குள்ளிருந்து கையைத் தட்டி எங்களைக் கூப்பிட்டார். ரோட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அம்மே, மகன கொஞ்ச நாளு ரோட்டுக்கு விட வேணாம். நாவுல பக்கத்துல ஆளுங்க கேக்குறாங்க. கட்டைக்குக் கட்டை நின்னு மணி பாக்குற தமிழ்ப் பொடியன் யாருன்னு கேக்குறாங்க."

"ஓட்டத்துக்குப் பழகுறான்னு நீங்க சொல்லலாங்களே பாஸ்."

"நான் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க." அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அதில் பெருமைதான். நாவுல வரைக்கும் அண்ணனைத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்கே அப்பாவும் அம்மாவும் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை. "நா என்னா களவா செய்றேன்? ஓட்டத்துக்குப் பேரு குடுத்தாச்சு. இப்ப நின்னா, பயந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?" என்றான். அப்பா கையை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அம்மா வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் எடுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். என்னைக் கோழிக்குஞ்சு பார்க்கச் சொல்லி வாசலில் விட்டாள். உள்ளே அவள் அழுதுகொண்டே பேசியது கேட்டது. "வேற வழி தெரியலைங்க. அவன் யாரு பேச்சும் கேக்க மாட்டான். ஆத்தா சொன்னா கேப்பான்." "இது பெரிய காரியம்மா" என்றார் பூசாரி. அண்ணனுக்காக ஏதோ பூசைக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா அந்த வருஷம் சித்திரைப் பிறப்போடு சேர்ந்து வந்தது. கரகம் எடுப்பவருக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துணி உடுத்தி விரதம் இருக்க வேண்டும். காப்பு அவிழ்க்கும்வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அது எங்கள் ஆட்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிது.

அந்த வெள்ளி உடுக்குச் சத்தத்தில் பூசாரிக்குச் சாமி வந்தது. வேப்பிலையை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அண்ணன் முன்னால் நின்று, "இந்த வருஷம் என்னையத் தூக்க இவன்தாண்டா வேணும்" என்றார்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. இவ்வளவு கூட்டத்தில் ஆத்தா என் அண்ணனையல்லவா கூப்பிடுகிறாள். அண்ணன் அசையாமல் நின்றான். மறு ஞாயிறு ஓட்டம். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாகக் கையை நீட்டினான். மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது பூசாரியின் விரல்கள் நடுங்கின. சாமி வந்த உடம்பு, நடுங்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

"ஆத்தா கூப்பிட்டா நா என்னா செய்ய முடியும் பாப்பா. ஓட்டம் அடுத்த வருஷமும் வரும்" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். ஆனாலும் காலைச் சும்மா விடவில்லை. விரத உடம்போடு விடியற்காலையில் எல்லை மதகு வரைக்கும் சைக்கிளில் போவான், திரும்புவான். மறுபடியும் போவான், திரும்புவான். மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு சில்லுகூடப் போகாது. அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த வாரம் அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை கரகம் லயம் லயமாக வந்தது. வாசலுக்கு வாசல் கரகக்காரர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். எங்கள் வாசலில் அம்மாதான் ஊற்றினாள். அதே நேரம் கீழே பெரிய ரோட்டில் விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டன. ஓட்டக்காரர்கள் எங்கள் சந்தியைத் தாண்டிப் போகிறார்கள். அண்ணன் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் கரகம் சரிந்துவிடும். கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான்.

கைதட்டல் ஓய்ந்தபோது ராணுவ ஜீப் ஒன்று மேலே ஏறி வந்தது. இறங்கியவர்களுக்குத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. தபால்காரப் பொடியன் எங்கே என்று கேட்டார்கள். அன்று முழுத் தோட்டத்திலும் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அவன்தான். மஞ்சள் துணியில், தலையில் பூவோடு, எல்லையைத் தாண்டாமல் நின்றான்.

தோட்டத்துத் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு, கரகத்தைக் கோயிலில் இறக்கும்வரைக்கும் பொறுக்கச் சொன்னார். பொறுத்தார்கள். அவர்களில் ஒருவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அம்மனைக் கும்பிடக்கூடச் செய்தார். பூசாரியிடம் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார். பிறகு அண்ணனின் காப்புக் கட்டிய கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். அம்மா ஓடினாள். மதகு வரைக்கும் ஓடி அங்கே விழுந்தாள்.

சந்தியில் அன்று மாத்தளையே நின்றிருந்தது. சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவன் போயிருந்தால், அத்தனை கண்ணுக்கு முன்னால் தொட்டிருப்பார்களா? தெரியவில்லை. தொட்டும் இருக்கலாம். தெய்வத்துக்குத்தான் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றுகிறவள் நான். இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை நான் ஆத்தாவிடம் கேட்டதில்லை.

"காப்போட எல்லையத் தாண்டிட்டான், அதான் இப்புடி" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவின் காதில் விழவே பேசினார்கள். அம்மா அப்பாவோடு முகாம் முகாமாக அலைந்தாள். சைக்கிள் கடை பாஸ் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு போய், தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடமெல்லாம் பேசிப் பார்த்தார்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அண்ணனை விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். வலது முழங்கால் மடங்கவில்லை. லயத்து வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலை நேராக நீட்டி வைத்தான். "அழுவாத பாப்பா, நடக்கலாம்" என்றான். அவன் அழவில்லை.

வேலைக்குப் போயிருந்த அம்மா செய்தி கேட்டு, ரப்பர்ப் பால் வாளியோடு ஓடி வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை, முகத்தைத் தடவவில்லை. அப்படியே தரையில் விழுந்து, பெற்ற பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்து, நெற்றியை அதன்மேல் வைத்தாள்.

"என்னாம்மா இது, எந்திரிங்க. யாராச்சும் பாக்கப் போறாங்க" என்று அண்ணன் கூசிப்போய்ச் சொன்னான். அவள் எழுந்திருக்கவில்லை. மடங்காத அந்தக் காலில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று குனிந்து பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மழை மூட்டத்து இருட்டில் நன்றாகப் பார்க்கட்டும் என்று, உள்ளே ஓடிப்போய் விளக்கை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தேன்.