கீழே தாளித்த பருப்பு

பிள்ளைகளே, மற்ற வீடுகளில் மழை வந்தால்தான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார்கள். மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் பதினான்காவது மாடியில் இருக்கும் நம் வீட்டில், நான் எண்ணெயில் கடுகு போட்டால் சாத்துகிறோம். செல்வி ஜன்னல்களைப் பார்த்துக்கொள்வாள். சின்னவள் மீனா ஈரத் துண்டைச் சுருட்டி வாசல்கதவின் அடியில் திணிப்பாள். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிற வீடு மாதிரி. அடுப்பில் இருப்பதோ ஒரு கோப்பை துவரம்பருப்பு, பூண்டும் தக்காளியும் போட்டது.

அறந்தாங்கிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன் நான். உங்கள் அம்மா இங்கேயே நிபோங் திபாலில் பிறந்து வளர்ந்தவள்; பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்குப் பெரிதாக எழுத வராது. ஆனாலும் நீங்கள் இருவரும் நம் அடுப்பங்கரை வாசனைக்கு வெட்கப்படப் பழகிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். "வெளிநாட்டில் உனக்கென்ன குறை?" என்று கேட்கும் ஊர்க்காரர்களும் படிக்கட்டும்.

போன மாதம் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள். அங்கிருக்கும் சீன அம்மா தன்மையானவர். "வாடை என்று புகார் வந்திருக்கிறது. பருப்பை அவித்தால் போதாதா, எண்ணெயை ஏன் புகைய விடுகிறீர்கள்?" என்று மலாயில் மெதுவாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள். என் அப்பா இறந்தபோது காரியம் முடியும்வரை வெறும் பருப்பும் சோறும்தான். காரியம் முடிந்த மறுநாள் சித்தி கடுகைப் போட்டார். அது வெடித்த சத்தம் கேட்டபிறகுதான் வீட்டில் ஆட்கள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் மலாயில் சொல்ல எனக்கு வரவில்லை. "எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா பதறிப்போய், "யார் இறந்தது?" என்று எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் சமாதானமாகி, புகார் கொடுத்தது யார் என்பதையும் வாய்தவறிச் சொன்னார். "உங்கள் ஆள்தான். எதிர்வீடு."

எதிர்வீட்டுக்காரர் தமிழர். கழுத்தில் அட்டை தொங்கவிட்டு அலுவலகம் போகிறவர். ஞாயிறு காலையில் குடும்பத்தோடு கடையில் உட்கார்ந்து, ரொட்டி சானாய் என்கிற இந்த ஊர்ப் பரோட்டா மிதக்கிற அளவுக்குப் பருப்பை ஊற்றச் சொல்லி, படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர். காசு கொடுத்தால் மணம், பக்கத்து வீட்டிலிருந்து சும்மா வந்தால் நாற்றம். சீனரோ மலாய்க்காரரோ முகம் சுளித்தால் பழக்கமில்லை என்று விட்டுவிடலாம். அதே பருப்பில் வளர்ந்த மூக்கு நடிக்கும்போது, அந்த மூக்கை நான் கால் தூசிக்கும் மதிப்பதில்லை.

போன ஞாயிறு உங்கள் அம்மா தாளிக்காத பருப்பை மேசையில் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு இப்படியே சாப்பிடுங்கலா. அடுத்த கடிதம் வந்தா மறுபடியும் நீங்கதான் போய் நிக்கணும்."

"நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்!"

"அதான் கத்துறீங்களே, தெரியுது."

செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பருப்புச் சட்டியையும் சின்ன காஸ் அடுப்பையும் எண்ணெயையும் தாளிப்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டேன். கடுகும் சீரகமும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் மீனாவின் கையில். கீழே இறங்கிப்போய், கார் நிறுத்தும் இடத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளித்தேன். இந்த மாளிகையில் நாற்றத்துக்கு அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான். கரண்டியைச் சட்டியில் கவிழ்த்ததும் சொய்யென்று எழுந்த சத்தத்துக்கு மீனா கை தட்டினாள். அந்த நேரம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுப்பையும் கரண்டியையும் மீனா பைக்குள் போட்டுக்கொண்டாள். மேலே போக நாங்கள் ஏறிய லிப்ட் மூடும்போது எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து ஏறினார். மூக்கை நன்றாக விரித்து இழுத்தார்.

"அடடா, என்னா வாசம்ணே! எந்தக் கடை?"

ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் எனக்குத் தொண்டைவரை வந்தது. அதற்குள் மீனா முந்திக்கொண்டாள்.

"வெளிய வாங்கினது அங்கிள். புதுக் கடை."

"அதானே! வீட்ல வச்சா இப்படி வராதுலா" என்றார் அவர்.

மீனா, அந்தப் பொய்க்கு நான் உன்னைத் திட்டவில்லை. எனக்காகத்தான் சொன்னாய். ஆனால் அவரைப் பார்த்து நான் வைத்திருந்த இளக்காரமெல்லாம் ஏழாவது மாடி தாண்டுவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டது. மறுத்துப் பேச எனக்கு வாய் இருந்தது. நானும்தானே சும்மா இருந்தேன்?

பதினான்காவது மாடியில் அவர் இறங்கி முன்னால் நடந்தார். நான் நம் கதவை நெருங்கியபோது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "இருங்கப்பா. அவரு உள்ள போயிடட்டும். அம்மா கதவைத் திறந்து ஏதாவது கேட்டா நம்ம வீட்டுப் பருப்புன்னு தெரிஞ்சிடும்" என்றாய். சூடான சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, யாரோ சாப்பாடு சொல்லி அனுப்பியதைக் கொண்டுவந்த ஆள் மாதிரி, என் வீட்டு வாசலில் நான் காத்து நின்றேன்.