துணிக்கு ஓய்வு கொடுத்தவள்

என் மனைவி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புரோகிராமர். நான் அங்கேயே பேக்கிங். வீட்டிலும் அவள்தான் மூளை, நான் சுமக்கிற ஆள்.

எங்கள் வீட்டு மெஷினுக்கு ஒரு கால் நொண்டி. துணியைப் பிழியும்போது நடக்க ஆரம்பித்துவிடும். அது பாத்ரூம் வாசலை எட்டுவதற்குள் நான் ஓடிப்போய்ப் பின்னால் தள்ள வேண்டும். எனக்காகவே அவள் ஒரு புரோகிராம் எழுதி ஏற்றினாள்: நான் தள்ளி வைப்பதற்காகப் பிழியும்போது பாதியில் சற்று நின்று, பிறகு ஓடும். அதை ஓப்பன் சோர்ஸாக இணையத்திலும் போட்டாள். யாரும் எடுக்கலாம், விற்றுச் சம்பாதிக்கலாம்; எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. லைசென்ஸ் அவ்வளவுதான். "சும்மா குடுக்கறதுக்கு இவ்வளவு பந்தாவா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் கம்பெனியின் புது மெஷின் அறிமுகம். புரோகிராம் எழுதியவர் முதலாளியின் மாப்பிள்ளையாம். மெஷின் ஜோராகச் சுற்றியது. பாதியில் நின்றது. என் கால் தானாக முன்னே போனது.

"துணியும் களைச்சுப் போகும்ல? அதுக்கு ரெஸ்ட்!" என்றார் மாப்பிள்ளை.

முதலாளி கைதட்டினார். நாங்களும் தட்டினோம். வயிற்றுப் பிழைப்பு. அவள் மட்டும் தட்டவில்லை.

அன்று சாயங்காலமே புது மெஷினின் புரோகிராமைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். வரிக்கு வரி அவளுடையது, பெயர் மட்டும் மாப்பிள்ளையுடையது. எதற்கு நிற்கிறது என்றுகூடத் தெரியாமல் எங்கள் வீட்டு நொண்டியையும் சேர்த்தே தூக்கியிருக்கிறான் படுபாவி!

"நான் காசா கேட்டேன்? பேருதானேங்க கேட்டேன்!" என்று அழுதாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"போய்க் கேட்டா வேலை போயிடும்மா" என்றேன்.

"போகட்டும்."

மறுநாள் முதலாளி அறைக்கு நானும் கூடப் போனேன். மாப்பிள்ளை தலை நிமிர்ந்து, கூரையில் ஓடாமல் தொங்கிய ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன வேணும்? சம்பளத்தக் கூட்டணுமா?" என்றார் முதலாளி.

"என் பேர் வேணும் சார். லைசென்ஸ்ல அதத்தான் போட்டிருக்கேன். பேர் இல்லாம இத நீங்க விக்க முடியாது."

முதலாளி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். திட்டினால் தன் பொண்ணு கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று மென்று விழுங்கினார்.

"சரிம்மா, போட்டுடலாம். ஆனா மெஷின் பாதியில நிக்குதுன்னு நாளைக்கு வாங்கினவங்க திட்டற திட்டெல்லாம் உன் தலையிலதான் விழும். பரவால்லையா?"

"விழட்டும் சார். என் பேரச் சொல்லித்தானே திட்டுவாங்க?"